ஓய்வு வாரம்

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. என் நலம் எப்படி என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். ஸ்கேன் படத்தை முதலில் பார்த்தவன் நீதான். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். திங்கட்கிழமை எனக்குப் புது ஊசி போடுவதைப் பற்றி நேற்று போனில் திட்டம் சொன்னாய். ஹைதராபாத்திலிருந்து வந்து மதுரையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பாய். நான் ஓடைப்பட்டியிலிருந்து, நம் தோட்டத்து வேலைக்கு வரும் பேச்சியம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கார் பிடித்து வந்துவிட வேண்டும். ஊசி முடிந்ததும் எங்களைக் காரில் ஏற்றிவிட்டு நீ அப்படியே திரும்பிவிடுவாய். வீட்டு வாசலை மிதிக்கமாட்டாய். அப்பா எங்களோடு வரக்கூடாது. அப்போதே பதில் சொல்லியிருப்பேன், மூச்சு வாங்கியது. தவிர, நான் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் கூரியரில் அனுப்புகிறேன், பொறுமையாக உட்கார்ந்து படி.

நான் களைத்துப் போயிருக்கிறேன், தம்பி. நோயால் பாதி, உங்கள் இரண்டு பேரால் பாதி. முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிப்பேன். இப்போது எழுந்து உட்காரலாமா, இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாமா என்பதையே பெரிய விஷயமாக யோசிக்கிறேன். இப்படி இருக்கிற ஒருத்தியை நடுவில் வைத்துக்கொண்டு அப்பனும் மகனும் பேசாமல் இருந்தால், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுப்பது என்னைத்தானே? உனக்குக் கோபம் வந்தது நியாயம். அது நியாயமில்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் நியாயமான கோபத்துக்கும் ஒரு அளவு வேண்டும், குழம்பில் உப்பு போல.

நம் வீட்டில் போன் என்றால் ஆணியில் தொங்கும் அப்பா சட்டைப்பையில் இருந்த ஒன்றுதான். நீ கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து அந்த வழக்கம். மணி அடித்ததும் கால் செருப்பை எங்கே விட்டோம் என்று தெரியாமல் ஓடிவந்து எடுப்பார். "சாப்பிட்டியாப்பா? அங்கன மழையா? சரி சரி, இந்தா, அம்மாட்ட குடுக்குறேன்." அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அவர் உன்னோடு பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல சண்டைக்குக்கூடக் காணாது. பக்கத்தில் நின்றுகொண்டு நான் பேசுவதைக் கேட்பார். "என்னவாம், என்னவாம்?" என்று கையால் கேட்பார். நான்தான் இந்தப் பக்கம் வருகிறதை அந்தப் பக்கம் அனுப்பும் வாய்க்கால். இப்போது நீ எனக்கென்று தனியாக ஒரு போன் வாங்கி அனுப்பியிருக்கிறாய். அது எதற்கென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அது மணியடித்தால் அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறார். அவருடைய போன் ஜன்னல் ஓரத்தில் திரை மேலே தெரிகிற மாதிரி கிடக்கிறது. தினமும் சார்ஜ் மட்டும் போட்டுவிடுகிறார்.

என் மார்பில் முதலில் வந்த கட்டியை அறுத்து எடுத்து, சில வருடம் நன்றாக இருந்து, பிறகு அது முதுகெலும்பில் வந்து உட்கார்ந்ததே, அப்போது ஆஸ்பத்திரி கேன்டீனில் வைத்து நீ எங்களுக்கு விளக்கிய நாளை நினைத்துப்பார். உன் ஆராய்ச்சியே அந்தப் புரதங்களைப் பற்றித்தான். ஆனாலும் அன்றைக்கு உன் டீ ஆறிப்போய் ஆடை கட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஒரு செல்லு ரெண்டாப் பிரியறது அதோட இஷ்டத்துக்கு இல்லப்பா. நம்ம வாய்க்கா ஷட்டர் மாதிரின்னு வச்சுக்கங்க. ஷட்டர்தான் ஆர்பிங்கிற புரதம். அது மூடிக் கெடக்குற வரைக்கும் செல்லு சும்மா கெடக்கும். தண்ணி தொறந்து விடுற ஆளு, நம்ம லஸ்கரு, அதுதான் சிடிகே. அந்தாளு எந்நேரமும் அங்கனயேதான் இருப்பாரு, ஆனா ஆர்டர் வராமத் தொட மாட்டாரு. ஆர்டர் கொண்டாறது சைக்ளின். அது தேவைக்கு வரும், வேலை முடிஞ்சதும் அழிஞ்சுபோகும்." அப்பா கேட்டார்: "அப்ப அம்மாவுக்கு என்னா ஆச்சு?" நீ சொன்னாய்: "ஆர்டர் நிக்கவே இல்லப்பா. பொம்பளைக ஒடம்புல ஊறுற ஈஸ்ட்ரோஜன் அந்தச் செல்லுகளுக்குள்ள போயி சைக்ளினைக் கூட்டிக்கிட்டே இருக்கு. ஷட்டரு மூடவே மாட்டேங்குது. இந்தப் புது மாத்திரை லஸ்கரோட கையக் கட்டிப்போடும்."

இவ்வளவு அழகாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை. கேன்சர் என்றால் யாரோ வெளியிலிருந்து வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது போல நினைத்துக்கொண்டிருந்தேன். என் செல்லேதான், என் லஸ்கரேதான், நிறுத்தத் தெரியாமல் ஓடுகிறது என்று தெரிந்ததும் அதன்மேல் இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் இன்னொன்றும் சொன்னாய். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்திலும் அதே லஸ்கர்தான் வேலை பார்க்கிறார், அங்கேயும் கையைக் கட்டிவிட்டால் வெள்ளணு குறையும், அதனால்தான் மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு என்றாய். உன் அப்பா அத்தனை புரதத்தையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். "அப்ப, ஓய்வுலதான் ஒடம்பு தேறும்." நீ தலையை ஆட்டி, "ஆமாப்பா" என்றாய். அந்த ஆமாப்பாவைச் சொன்னது நீதான், கண்ணு. அது தப்பு என்று சொல்ல வரவில்லை. அது யார் காதில் விழுந்தது என்று பார்.

நம் தோட்டத்துத் திராட்சைக்கு வாழ்நாள் முழுக்க ஓய்வு கணக்குப் பார்த்த மனிதர் அவர். நம் பள்ளத்தாக்கில் கொடி தானாகத் தூங்காது. குளிர் நாட்டில் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்குமாம், இங்கே நாம்தான் தண்ணீரை நிறுத்தித் தூங்க வைக்க வேண்டும். அறுவடை முடிந்த மறுநாளே வியாபாரிகள் வந்து நிற்பார்கள். "அண்ணே, வெரசாக் கவாத்து அடிங்க, பொங்கலுக்கு நல்ல ரேட்டு கெடைக்கும்" என்று அவசரப்படுத்துவார்கள். ஊரே கொடியை வெட்டும். இவர் பந்தலுக்கு அடியில் நின்று ஒரு குச்சியை வளைத்துப் பார்ப்பார், "இன்னும் தூக்கம் தெளியலப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்புறம் அவர் கொத்தைப் பார்த்துவிட்டு அதே ஆட்கள் வந்து வாயைப் பிளப்பார்கள். ஓய்வைக் கூட்டினால் காய்ப்பு கூடும் என்பது அவருக்குப் பாடம் இல்லை, கண்ணால் கண்டது. அவர் படித்த ஒரே படிப்பு அது. அந்தப் படிப்பைத்தான் என்மேல் போட்டார்.

மாத்திரை போடுகிற வாரங்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. "நல்லாருக்கேன்ப்பா" என்பேன். மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் தகர டப்பாவை நக்கியது போல இருக்கும். சோற்றைப் பார்த்தால் சண்டைக்காரியைப் பார்த்தது போலத் திரும்பிக்கொள்வேன். வாசல் நடையில் இருந்து அடுப்படிக்குப் போவதற்குள் நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்புறம் ஓய்வு வாரம் வரும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் நாக்கு திரும்பிவரும். நெத்திலிக் கருவாடு வறுக்கச் சொல்வேன். சாயங்காலம் மெதுவாகத் தோட்டம் வரை போய்ப் பந்தலுக்கு அடியில் உட்காருவேன். கொத்துகளை மருந்தில் முக்குகிற பொம்பளைகளோடு வம்பளப்பேன். பேச்சியம்மாள் என்னைப் பார்த்து, "ஆத்தாடி, அக்கா இன்னைக்குக் கல்யாணப் பொண்ணு மாதிரில்ல வந்திருக்காக!" என்பாள். இவர் பந்தல் கல்தூணில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அறுபது வயதுக்கு மேல் அப்படிப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்காதா? அந்த வாரம் முடிகிற அன்று மறுபடியும் மாத்திரையை எடுத்து என் கையில் வைக்க வேண்டியதும் அவர்தான்.

வீரபாண்டித் திருவிழா வந்தது. ஓய்வு வாரம் முடிந்து மாத்திரை தொடங்க வேண்டிய நாளும் அதுதான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அவர் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தார். மறுநாளும் தண்ணீர் மட்டும். நான் திருவிழாவுக்குப் போனேன், கூட்டத்தில் நின்று சாமி பார்த்தேன், ஆற்றங்கரையில் உட்கார்ந்து பொரி தின்றேன். அடுத்த மாதமும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனது. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஸ்கேனில் முதுகில் இருந்தது பெரிதாகி, ஈரலிலும் புள்ளி தெரிந்தது. நீ பதறிக்கொண்டு வந்து அலமாரியைத் திறந்தபோது, தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது.

நீ அன்றைக்குக் கத்தியதை ஊரே கேட்டது. "இது என்னா உங்க கொடியாப்பா? ஓய்வு விட்டாக் காய்க்கிறதுக்கு? நீங்க ஓய்வு விட்டது அம்மாவுக்கில்ல, உள்ள இருக்குற கேன்சருக்கு!" அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நீ அந்த ராத்திரியே கிளம்பினாய். நான் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். என் குரலுக்கு அப்போது அவ்வளவு பலம் இல்லை.

இப்போது, அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதைச் சொல்கிறேன். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய், ஆனால் கோபத்தில் இருக்கிற காதுக்குப் பாதிதான் கேட்கும். ஒழுங்காக ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டவர்களுக்கும் ஒரு கட்டத்தில் அது கேட்காமல் போகிறது, இந்த லஸ்கரின் கையைக் கட்டினால் செல் வேறு ஒரு லஸ்கரைப் பிடித்துக்கொள்கிறது, சில சமயம் ஷட்டரையே பிடுங்கி எறிந்துவிடுகிறது என்றார். வேறொரு சைக்ளின், வேறொரு சிடிகே என்று நீயே எனக்கு முன்பு சொன்னதுதான். "தள்ளிப்போட்டதால வந்ததா, தள்ளிப்போடாம இருந்தாலும் வந்திருக்குமான்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா தள்ளிப்போட்டது தப்பு" என்றார். இரண்டு வாக்கியம். நீ இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டாய். உன் அப்பாவும் அதை மட்டும்தான் எடுத்துக்கொண்டார். உங்கள் இரண்டு பேருக்கும் இதில் மட்டும் ஒற்றுமை. இதை வேறு யார் படித்தாலும் அவர்களுக்கும் சொல்கிறேன்: டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை ஒருநாள்கூடத் தள்ளாதீர்கள். களைப்பாக இருந்தால் வாயைத் திறந்து டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள். நான் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடமும் "நல்லாருக்கேன்" என்றுதான் சொன்னேன்.

மருந்து டேங்க் விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பத்தாவது லீவு. கொடிக்குப் பூஞ்சை மருந்து நீயே அடிக்கிறேன் என்று அடம்பிடித்தாய். முதல் நாள் வரப்பில் களைக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல் அதிலேயே மருந்தைக் கலந்து அடித்தாய். ஒரே வாரத்தில் ஒரு வரிசை முழுக்க இலை விசிறி போலச் சுருண்டு நின்றது. அந்தக் களைக்கொல்லியும் வளர்ச்சியைத் தூண்டித்தான் செடியைக் கொல்லும் என்று அப்புறம் நீ பெரிய படிப்பு படித்துவந்து எனக்குச் சொன்னாய். அன்றைக்கு நீ சோறு தின்னாமல் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டாய். பார்க்க வந்தவர்களிடம் அப்பா சொன்னது இதுதான்: "டேங்க்கக் கழுவாம வச்சது நாந்தேன். பயலுக்கு என்னா தெரியும்?" கழுவாமல் வைத்தது அவரில்லை. வரப்புக்கு அடித்ததும் நீதான். அது அவருக்கும் தெரியும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மனிதர் மறுபடியும் அதையே செய்திருக்கிறார். அவர் தண்ணீர் மட்டும் கொண்டுவந்த அன்றே எனக்குத் தெரியும். மாத்திரை எங்கே என்று கேட்கத் தெரியாதவளா நான்? பள்ளி இறுதி வரை படித்தவள், நாள் பார்க்கத் தெரியும், அட்டையைப் பார்க்கத் தெரியும். நான் கேட்கவில்லை. இரண்டாம் மாதம், "இன்னும் ரெண்டு நாள் போகட்டுங்க" என்று நானே சொன்னேன். நீ கத்திவிட்டுப் போன மறுநாள், "அவன்ட்ட நானும் சேந்துதான் செஞ்சேன்னு சொல்லப்போறேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். "நீ சும்மா இரு. அவன் என்னைய வஞ்சா வஞ்சுட்டுப் போறான். இந்த நேரத்துல உன்னைய ஒரு வார்த்த கேட்டுப்புட்டான்னா, அப்பறம் காலத்துக்கும் அவனால தாங்க முடியாது" என்றார். அவருக்கு உன்னோடு பேசத்தான் தெரியாது, உன்னைத் தெரியும். அவர் சொல்லைத் தட்டிவிட்டு எழுதிவிட்டேன். உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும். நான் தாங்கிக்கொள்வேன், நீயும் தாங்கிக்கொள்.

அந்த நாட்களுக்காக நான் வருத்தப்படுகிறேனா என்று நீ கேட்பாய். உன்னிடம் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பாதி வருத்தம்தான். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து கருவாட்டு வாசனையைப் பற்றிப் பேசிச் சிரித்தேனே, அதைத் திரும்பக் கொடு என்றால் கொடுக்கமாட்டேன். ஆனால் அதற்காக நீங்கள் இருவரும் இப்படி ஆவீர்கள் என்று தெரிந்திருந்தால் ஒரு மாத்திரையையும் விட்டிருக்கமாட்டேன், தகரத்தையே தின்றிருப்பேன். சத்தியமாக.

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன். அறுவடை முடிந்து நாளாகிவிட்டது. பேச்சியம்மாள் தினமும் வந்து கேட்கிறாள். "என்னக்கா, அண்ணே கொடியப் பாக்கவே வரமாட்டேங்கிறாக? பக்கத்துத் தோட்டத்துல துளிரே விட்டுருச்சு. கவாத்துக்கு ஆள் சொல்லவா வேணாமா?" நான் இவரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியல" என்றார். "குச்சிய வளச்சுப் பாருங்க" என்றேன். "பாத்தேன். தெரியல. எப்பத் தெளியும், எம்புட்டு நாள் விடணும், ஒண்ணும் தெரியல. எனக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் இம்புட்டும் ஆச்சு." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். இலையெல்லாம் மஞ்சளாகிச் சருகாகித் தொங்குகிறது. ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் குச்சியை ஒடித்துக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள். இப்போது வந்தால் உள்ளே படுத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லச் சொல்கிறார். என் நோயைப் பார்த்துக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

திங்கட்கிழமை வருகிறேன். புது ஊசியைப் போட்டுக்கொள்கிறேன். இந்தத் தடவை ஒருநாள் பிசகாமல் டாக்டரம்மா சொன்னபடி செய்வேன், முடியவில்லை என்றால் முடியவில்லை என்று அவரிடமே சொல்வேன். இது எவ்வளவு நாளைக்குக் கேட்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரொம்ப நாளைக்கு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அசதிதான் இருக்கிறது. ஆனால் பேச்சியம்மாளோடு வரமாட்டேன். என் புருஷனோடுதான் வருவேன். அவர் ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற ஆள், அவரை அதட்டிச் செருப்பு மாட்டவைத்துக் கூட்டிவர வேண்டியது உன் பொறுப்பு.

இன்னொன்று. இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற நேரம், நீ வாங்கிக்கொடுத்த போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பேன். திங்கட்கிழமைக்கு முன்னால் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பழைய நம்பருக்குத்தான் அடிக்க வேண்டும். மன்னிப்புக் கேள் என்றோ, மன்னித்துவிடு என்றோ நான் சொல்லவில்லை. அதெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் வராது. "கவாத்து எப்பப்பா?" என்று மட்டும் கேள். தெரியாது என்பார். "ஒரு குச்சிய வளச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல். அவர் தோட்டத்துக்கு நடந்துபோய்த் திரும்பும்வரை இரு.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், போனை எடுத்ததும் பழக்க தோஷத்தில், "இந்தா, அம்மாட்ட குடுக்குறேன்" என்பார். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன். போனை நீட்டுவார். நான் வாங்கமாட்டேன். நீயும், "வேணாம்ப்பா, உங்ககிட்டத்தான் பேசணும்" என்று சொல். இனிமேல் அந்தப் போனை வாங்க இந்தப் பக்கம் ஆள் இல்லாத நாளும் வரும், கண்ணு. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் பேசிப் பழகிக்கொள்ளுங்கள்.

உன் அம்மா.